காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய லாரி

ஆரணி: அரிசி லோடு அடிக்கிற பழைய ஆறு சக்கர வண்டி, கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் டீசல் பம்பு. ராத்திரி நிறுத்தினா காலையில கையால டீசல் ஏத்துற ஹேண்ட் பம்பு அடிச்சாத்தான் எடுக்குது. காட்பாடி மேம்பாலம் ஏறினா இழுவை இல்ல. டீசல் பில்டர் புதுசு. இன்ஜினுக்குள்ள டீசலைப் பீய்ச்சுற நாசில் மாத்தணுங்கிறாங்க. மாத்தலாமாண்ணா?

வேலூர்: வேணாம் தம்பி, அது வீண் செலவு. நிக்கிற நேரத்துல டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குது. டேங்குல இருந்து, டீசலை இழுத்துக் குடுக்குற ஃபீட் பம்பு வரைக்கும் உறிஞ்சுற லைன். அங்க கசிவு இருந்தா, ஓடும்போது டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும். அதனாலதான் யார் கண்ணுக்கும் படல. பம்புக்கு முன்னாடி டிரான்ஸ்பரன்ட் டியூப் போட்டு, ரேஸ் பண்ணிப் பாருங்க. குமிழி ஓடுதா?

ராணிப்பேட்டை: டேங்க் மூடியில காத்து ஓட்டை அடைச்சாலும் ஏத்தத்துல இழுவை போகும். மூடியை லேசா தளர்த்தி ஓட்டிப் பாருங்க.

ஆரணி: மூடி சரியாத்தான் இருக்கு. டியூப்ல குமிழி ஓடுதுண்ணா! ஃபீட் பம்புல பைப் சேருற யூனியன்ல செம்பு வாஷர் ஒரு பக்கம் நசுங்கியிருக்கு.

வேலூர்: புது வாஷர் போடுங்க, பழசைத் திருப்பிப் போடவே கூடாது. அப்புறம் பில்டர் மேல இருக்கிற காத்தை வெளிய விடுற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை வர்றது நிக்கிற வரைக்கும் ஹேண்ட் பம்பு அடிங்க.