ட்ரெவர் ஹார்ன் பாடுவதை ஏன் விட்டார்?

நாலுதந்தி:
‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’ பாட்டில் பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு பாடுவாரே, பக்கிள்ஸ் குழுவின் ட்ரெவர் ஹார்ன், அவர்தான் ‘ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட்’ குழுவின் ‘ரிலாக்ஸ்’ பாட்டுக்குத் தயாரிப்பாளர் என்று நேற்றுதான் தெரிந்தது. 1979-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தவர் எதற்கு மைக்கை விட்டுவிட்டு ஸ்டுடியோவின் மிக்ஸிங் கன்சோல் பக்கம் போனார்? நானும் ஒரு பேண்டில் பேஸ் வாசிக்கிறேன். கொஞ்ச நாளாக மிக்ஸிங் வேலையை என் தலையிலேயே கட்டுகிறார்கள். அதனால் இது சுயநலக் கேள்வியும்கூட.

ஸ்பூல்டேப்:
முதலில் ஒன்று. தயாரிப்பாளர் என்றதும் நமக்குப் பணம் போடும் ஆள்தான் நினைவுக்கு வருவார். இங்கே அவர் டைரக்டர் மாதிரி. எந்த டேக்கை வைப்பது, எதைத் தூக்குவது, குரல் எப்படிக் கேட்க வேண்டும் எல்லாம் அவர் முடிவு.

ஹார்ன் அந்த வேலைக்குப் புதிதாகப் போகவில்லை. பக்கிள்ஸுக்கு முன்பே பேஸ் வாசித்துக்கொண்டு, விளம்பர ஜிங்கிள், சின்னச் சின்ன ரெக்கார்டிங் என்று பிழைத்தவர். நீங்கள் சொல்லும் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் குரல் பழைய ரேடியோவிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறதல்லவா? குரலை கிடார் ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டுப் பிடித்தது அது. தன் குரலையே ஒரு கருவியாகப் பார்த்த மனுஷன்!

அடி விழுந்தது 1980-இல். பாடகர் ஜான் ஆண்டர்சன் விலகியதும் யெஸ் என்ற ராக் குழுவில் ஹார்னைப் பாடகராகவும், பக்கிள்ஸில் அவர் கூட்டாளியான ஜெஃப் டௌன்ஸைக் கீபோர்டுக்கும் சேர்த்துக்கொண்டார்கள். ‘டிராமா’ ஆல்பம் நன்றாகவே இருக்கிறது, நான் இன்றும் கேட்கிறேன். ஆனால் மேடையில் ஆண்டர்சனின் உச்சஸ்தாயியை இரவுக்கு இரவு எட்டிப் பிடிக்க வேண்டுமே! தொண்டை திணறியது, பிரிட்டனில் ரசிகர்கள் முகத்துக்கு நேராகவே எரிச்சலைக் காட்டினார்கள். டூர் முடிந்ததும் குழுவே கலைந்தது. அவர் மேனேஜரும் மனைவியுமான ஜில் சின்க்ளேர் அவரிடம் பட்டென்று சொன்னாராம்: பாடகராக இருந்தால் நீ இரண்டாம் வரிசைதான், தயாரிப்பாளராக இருந்தால் முதல் ஆள். வீட்டில் இப்படிச் சொல்ல ஒருவர் இருப்பது கொடுப்பினை.

1982-இல் அவர் தயாரித்த ஆல்பம் ஏபிசி குழுவின் ‘த லெக்சிகன் ஆஃப் லவ்’. அதில் ஆன் டட்லியின் வயலின் கோர்வைகளை ஹெட்ஃபோனில் ஒரு முறை கேளுங்கள், மீதி புரிந்துவிடும்.

குறும்பன்:
எல்லாம் சரி, ‘ரிலாக்ஸ்’ ரெக்கார்டில் ஃப்ராங்கி குழுவே வாசிக்கவில்லையாமே? பிறகு அது யார் பாட்டு? இதற்குப் பேர் தயாரிப்பா, ஏமாற்றா?

ஸ்பூல்டேப்:
வாசிக்கவில்லைதான். குழுவை வைத்துப் பார்த்தார், திருப்தியில்லை. பாடகர் இயன் டூரியின் பிளாக்ஹெட்ஸ் குழு ஆட்களை வைத்துப் பார்த்தார், அதுவும் வேண்டாம். கடைசியில் ஃபேர்லைட் சாம்ப்ளரும் (ஒலிகளைப் பதிந்து கீபோர்டில் வாசிக்க வைக்கும் கம்ப்யூட்டர் கருவி) தன் ஸ்டுடியோ ஆட்களுமாக உட்கார்ந்து கட்டிய வடிவம்தான் வெளிவந்தது. குழுவில் ஹாலி ஜான்சன் குரல் மட்டும் மிஞ்சியது. அந்தப் பையன்களுக்கு வலித்திருக்கும், மறுக்கவில்லை. நானும் ஒரு பேண்டின் டிரம் டிராக்கை அவர்களிடம் கேட்காமல் மாற்றிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஆனால் அந்த முதல் நான்கு விநாடியைக் கேட்டால் ‘வேண்டாம், பழையதைப் போடு’ என்று எனக்குச் சொல்ல வராது. பிபிசி தடை போட்டும் ஐந்து வாரம் முதலிடம்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறு. ‘ரிலாக்ஸ்’ பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறிய அதே 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’. யெஸ் குழுவின் பாட்டு! பாடியது, திரும்பி வந்த ஜான் ஆண்டர்சன். தயாரித்தது ஹார்ன். அமெரிக்காவில் யெஸ்ஸுக்கு முதலிடம் வாங்கிக்கொடுத்த ஒரே பாட்டு அதுதான்.

குறும்பன்:
மேடையில் திட்டு வாங்கின குழுவுக்கே! சரி, வாயை மூடிக்கொள்கிறேன். ஏமாற்று என்ற வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

நாலுதந்தி:
நன்றி அண்ணா. ‘லெக்சிகன்’ இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்றாவது முறை. ஒரு சந்தேகம்: அந்த டிரம் டிராக்கை மாற்றினீர்களே, கடைசியில் வெளிவந்தது எது, உங்களுடையதா அவர்களுடையதா?

ஸ்பூல்டேப்:
அவர்களுடையது. என்னுடையது இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது.