காப்புரிமை ஒப்பந்தங்களால் நீங்கள் பட்டது என்ன?

கெர்னல்கிறுக்கன்:
மைக்ரோசாஃப்ட்–நோவெல் ஒப்பந்தம் வந்த புதிது, 2006 கடைசி. நோவெல் விற்கிற லினக்ஸை வாங்கியவர்கள் மேல் காப்புரிமை வழக்குப் போட மாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்ன ஒப்பந்தம். எங்கள் சர்வர் எல்லாம் அதற்குள் வராத டெபியன் லினக்ஸ். மேலாளர் ஒரு தாளோடு வந்தார், பாதி வரிகளில் மஞ்சள் கோடு. "ஒப்பந்தத்துக்குள் வருகிற லினக்ஸைப் போடு, நாளைக்கு நம்மேல் வழக்கு வந்தால்?" எந்தக் காப்புரிமைக்காக என்று கேட்டேன். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெற்று. அடுத்த மே மாதம் லினக்ஸிலும் பிற திறமூல மென்பொருள்களிலும் தன் 235 காப்புரிமைகள் மீறப்படுகின்றன என்று மைக்ரோசாஃப்ட் சொன்னபோதும் எண்ணிக்கைதான் வந்தது, பட்டியல் வரவில்லை. லினக்ஸ் வெளியாகிற திறமூல உரிமமான ஜிபிஎல்லை அப்பட்டமாக மீறிய ஒப்பந்தம்.

நள்ளிரவு_பேட்ச்:
"அப்பட்டமாக" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜிபிஎல் 2-இன் 7ஆம் பிரிவு என்ன சொல்கிறது? உங்களிடம் பெறுகிற எல்லோரும் கட்டணமில்லாமல் பிறருக்குத் தர முடியாதபடி காப்புரிமை தடுத்தால், நீங்களும் விநியோகிக்கக் கூடாது. இங்கே நோவெல்லுக்கு உரிமமே கொடுக்கவில்லை, அதன் வாடிக்கையாளர்கள் மேல் வழக்குப் போட மாட்டோம் என்ற வாக்குறுதிதான். சந்தில் புகுந்து போனார்கள். அதை அடைக்கத்தான் 2007 ஜூனில் வந்த ஜிபிஎல் 3-இன் 11ஆம் பிரிவு. சாம்பா என்ற திறமூல மென்பொருளை எழுதுகிறவர்களில் ஒருவரான ஜெரமி ஆலிசன், இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து நோவெல் வேலையையே விட்டார்.
என் கதை சின்னது. நான் பராமரித்த லைப்ரரியை ஜிபிஎல் 3-க்கு மாற்றலாமா என்று பங்களித்தவர்களுக்கு எழுதினேன். "பதில் எழுதக் கூடாது என்கிறார் எங்கள் கம்பெனி வக்கீல்" என்று ஒருவர் பதில் எழுதினார்.

ரூட்டம்மா:
ஒரு நிறுவனம் எங்கள் நிரலுக்கு அனுப்பிய பேட்ச் (திருத்தம்) அருமை, ஆனால் கீழே ஒரு வரி: "காப்புரிமை பற்றித் தனியே பேசிக்கொள்ளலாம்." சேர்க்கவில்லை.
சரி, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: எம்ஐடி உரிமத்தில் காப்புரிமை என்ற சொல்லே கிடையாது. அப்பாச்சி 2.0 உரிமம் என்றால் பங்களிப்பவர் காப்புரிமை உரிமத்தையும் சேர்த்தே தருகிறார். அந்த மென்பொருள் தன் காப்புரிமையை மீறுகிறது என்று யார் வழக்குப் போட்டாலும் அவருக்குக் கிடைத்த காப்புரிமை உரிமம் போய்விடும். ஆனால் ஜிபிஎல்லை வெளியிடுகிற எஃப்எஸ்எஃப் அமைப்பின் கணக்கில் அது ஜிபிஎல் 2-ஓடு ஒட்டாது, 3-ஓடு ஒட்டும். அதனால் கோப்பின் தலையில் "2 அல்லது அதற்குப் பிந்தையது" என்று இருக்கிறதா பாருங்கள். லினக்ஸ் கெர்னல் மொத்தமாக 2 மட்டும்தான். அப்புறம் லினக்ஸ் விஷயத்தில் ஒருவர் மேல் ஒருவர் காப்புரிமை வழக்குப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டவர்களின் கூட்டமைப்பான ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில் சேருங்கள், மைக்ரோசாஃப்டே 2018-இல் சேர்ந்துவிட்டது.

பிட்_பொறுக்கி:
2018 எல்லாம் எங்களுக்குக் காலம் கடந்த ஞானம், அக்கா. 2009-இல் ஃபேட் என்ற கோப்பு முறையின் காப்புரிமைக்காக, வழிகாட்டிக் கருவி செய்கிற டாம்டாம் மேல் மைக்ரோசாஃப்டின் வழக்கு வந்ததுமே எங்கள் கருவியில் நீளமான கோப்புப் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து. வாங்கியவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "பெயர் ஏன் பாதியில் நிற்கிறது?" காரணத்தைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.