பங்காளி கடை இணைப்பில் உறவைக் குறிப்பது எப்படி?

சென்னிமலைத் தறி:
வணக்கமுங்க. எங்கள் பெட்ஷீட் கடைக்கு வேர்ட்பிரஸில் சின்னதாக ஒரு தளம் இருக்கிறது. அதில் ‘நம்ம சொந்தம்’ என்று ஒரு பக்கம்: பெரியப்பா மகனின் துண்டுக் கடை, பவானியில் ஜமக்காளம் நெய்யும் மாமா, பெருந்துறையில் நூல் வியாபாரம் பார்க்கும் மச்சான். இணைப்பிலேயே உறவைக் குறிக்க எக்ஸ்எஃப்என் என்று ஒன்று உண்டல்லவா? பழைய வேர்ட்பிரஸில் அதற்கு டிக் அடிக்கும் கட்டங்கள் இருந்தன. இப்போது பத்தியில் இணைப்புக் கொடுத்தால் புது டேபில் திறக்கட்டுமா, நோஃபாலோ (தேடுபொறி இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற குறி) போடட்டுமா என்று மட்டும் கேட்கிறது. போன் நம்பரையும் தொட்டால் அழைப்பு போகிற மாதிரி வைக்க வேண்டும்.

கோபி வெப்காரன்:
தம்பி, அந்தக் கட்டங்கள் ‘லிங்க்ஸ்’ பகுதியில் இருந்தவை. 2012-இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து புதுத் தளங்களில் அதை மறைத்துவிட்டார்கள். லிங்க் மேனேஜர் பிளகின் போட்டால் திரும்ப வரும். ஆனால் இதற்கென்று பிளகின் எதற்கு? பிளாக்கின் மூன்று புள்ளியைத் தொட்டு ‘எடிட் ஆஸ் எச்டிஎம்எல்’ போங்கள். இணைப்பு முகவரி முடிந்ததும் ஒரு இடைவெளி விட்டு ரெல் (இணைப்பின் உறவைச் சொல்லும் குறி), சமக்குறி, மேற்கோளுக்குள் மதிப்பு. எல்லாம் சின்ன ஆங்கில எழுத்து. மூன்று பேருக்குமே ‘கின்’, அதாவது சொந்தக்காரர், போதும். நேரில் பழக்கம் உண்டென்றால் பக்கத்திலேயே இடைவெளி விட்டு ‘மெட்’.

பலரும் கோட்டை விடுவது ஒரு இடத்தில்: புது டேப் டிக் போட்டிருந்தால் நோஓப்பனர் என்று பாதுகாப்புக்காக ஒரு ரெல் ஏற்கெனவே அங்கே நிற்கும். இரண்டாவதாக இன்னொரு ரெல் எழுதினால் பிரவுசர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதே மேற்கோளுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். பட்டன் பிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை, ‘லிங்க் ரெல்’ என்று தனிக் கட்டமே இருக்கிறது.

போனுக்கு, முகவரி இடத்தில் டெல், முக்காற்புள்ளி, அப்புறம் +91 போட்டு நம்பர். ஈரோட்டு லேண்ட்லைன் என்றால் 0424-இன் முதல் 0-வை எடுத்துவிடுங்கள்.

திருப்பூர் அக்கா:
எல்லாம் சரி, இதை இப்போது யார் படிக்கிறார்கள்? கூகுள் இதைத் திரட்டித் தந்த சோஷியல் கிராஃப் சேவையை 2012-இலேயே மூடிவிட்டது. இன்று உருப்படியாக வேலை செய்வது ‘மீ’ (அதுவும் என் பக்கம்தான் என்று சொல்வது) ஒன்றுதான். உங்கள் தளத்திலிருந்து மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளக் கணக்குக்கு ரெல் மீ போட்டு இணைத்து, அந்தக் கணக்கில் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் பச்சை டிக் விழும். கடை முகவரியும் நேரமும் தேடலில் புரிய வேண்டுமென்றால் ஸ்கீமா.ஆர்க் முறையில் எழுதுங்கள். மச்சான் நம்பரைப் போடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சென்னிமலைத் தறி:
நன்றிங்க அக்கா. ‘கின்’ போட்டுவிட்டேன், நிற்கிறது. இன்னொரு பங்காளி இருக்கிறார், வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை. அவர் கடை இணைப்பை எடுக்க வேண்டாம் என்கிறார் அப்பா. அதற்கு என்ன போடுவது?

கோபி வெப்காரன்:
பகைக்கு எக்ஸ்எஃப்என்னில் இடமே கிடையாது தம்பி. டாண்டெக் செலிக், எரிக் மேயர், மேட் முல்லன்வெக் மூவரும் 2003-இல் இதை உருவாக்கியபோதே அந்த மாதிரிச் சொற்கள் வேண்டாம் என்று தெரிந்தேதான் விட்டார்கள். ‘கின்’ மட்டும் போடுங்கள். ‘ஃப்ரெண்ட்’ போடுவதா என்பதை வாய்க்கால் விவகாரம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.