பழைய பாக்ஸில் புது சுவர் விளக்கு உட்காரவில்லை: வழி சொல்லுங்கள்

கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீடு. முகப்புச் சுவரில் ஒரு பித்தளை விளக்கு மாட்ட இரண்டு வாரமாகப் போராடுகிறேன். 9 வாட் எல்இடி, எடை சுமார் 2 கிலோ.

சுவருக்குள் ஏற்கெனவே வட்டமான இரும்பு ஜங்ஷன் பாக்ஸ் (வயர்களை இணைக்கும் பெட்டி) இருக்கிறது. அதன் திருகு ஓட்டைகள் மேலும் கீழுமாக, 60 மி.மீ. இடைவெளியில். விளக்கை மாட்ட அதனோடு வந்த பட்டையிலோ ஓட்டைகள் இடமும் வலமுமாக, 85 மி.மீ. போதாக்குறைக்கு பாக்ஸில் ஒரு பக்கம் மரை தேய்ந்துவிட்டது.

பட்டையில் புது ஓட்டை போட்டேன். விளக்கு சாய்ந்து நின்றது. சரி, சுவரிலேயே திருகு பிடிக்கும் பிளக் அடிக்கலாம் என்று டிரில்லை வைத்ததும் ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, கண்ணாடி மாதிரி இருக்கும். இன்று அதைச் சரிசெய்யக் கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. அத்தோடு நிறுத்திவிட்டேன். அப்பச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாக்ஸில் எர்த் வயர் இல்லை. உலோக விளக்கு என்பதால் அதை எலக்ட்ரீஷியன் தனியாக இழுத்துத் தருகிறார். தை மாதம் வீட்டில் சாந்தி விசேஷம், அதற்குள் மாட்ட வேண்டும்.

சுவரில் இனி ஓட்டையே போடாமல், இந்த பாக்ஸிலேயே 2 கிலோ விளக்கை உறுதியாக நிறுத்த என்ன செய்யலாம்?