பிக்கப்பின் பின்பக்கத்தைத் தாழ்த்த சேசிஸை வெட்டலாமா?

கேள்வி: இரண்டு சக்கரம், புக்கிட் மெர்தாஜாம்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2008-ஆம் ஆண்டில் பதிவான, நான்கு சக்கர இயக்கம் கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் இருக்கிறது. வார நாள்களில் ஜூருவில் உள்ள வேலை இடத்துக்கு அதில்தான் போய் வருகிறேன். வார இறுதியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றோ இரண்டோ ஏற்றிக்கொண்டு நண்பர்கள் கூடும் இடங்களுக்குச் செல்வது வழக்கம். பின்கதவைத் திறந்தால் தரையிலிருந்து 850 மி.மீ. உயரம் இருக்கிறது. இரண்டு மீட்டர் ஏற்றப்பலகையில் தனி ஆளாக வண்டியைத் தள்ளி ஏற்றுவது வயது ஏற ஏறக் கடினமாகி வருகிறது.

பின்பக்கத்தைத் தாழ்த்தலாம் என்று ஒரு பட்டறையில் கேட்டபோது, இப்போது பின்சக்கர அச்சான ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங் பட்டைகளை ஆக்சிலுக்குக் கீழே மாற்றும் ஃபிளிப் கிட்டைப் போட்டால் 140 மி.மீ. இறங்கும் என்றும், ஆக்சில் குழாய் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் மோதாமல் இருக்க அந்த இடத்தில் அரைவட்டமாக 60 மி.மீ. வெட்டி எடுத்துத் தகடு வைத்து மூடிவிடுவார்கள் என்றும், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றும் சொன்னார்கள். அந்த ‘ஒரே நாள்’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. டேப் வைத்து நானே அளந்ததில், ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் சட்டம் 120 மி.மீ. உயரமும் 60 மி.மீ. அகலமும் கொண்ட பெட்டி வடிவத்தில் இருக்கிறது. தகட்டின் கனம் ஏறத்தாழ 3 மி.மீ. வண்டி காலியாக நிற்கும்போது ஆக்சில் குழாயின் மேற்பரப்புக்கும் சேசிஸின் அடிப்பரப்புக்கும் இடையே 190 மி.மீ. இடைவெளி உள்ளது. இப்படி வெட்டுவது பாதுகாப்பானதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பழைய இரும்பு, பிறை

தம்பி, பிறையில் முப்பது ஆண்டுகள் இரும்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அளவுகளோடு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் படத்தை மட்டும் போட்டுவிட்டுக் கேட்பார்கள். அளவு இருப்பதால் கணக்காகவே பேசலாம்.

ஒரு சட்டம் வளைவதைத் தாங்கும் திறன், அதில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதைவிட அது எவ்வளவு உயரமாக இருக்கிறது என்பதைத்தான் பெரிதும் பொறுத்தது. மேல்தகடும் அடித்தகடும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அந்த அளவுக்கு வலு கூடும். பக்கத் தகடுகளின் முதல் வேலை அவ்விரண்டையும் விலக்கிப் பிடித்திருப்பதே. உங்கள் 120-க்கு 60 பெட்டியில் அடியிலிருந்து 60 மி.மீ. வெட்டி, அதே 3 மி.மீ. தகட்டால் மூடினால், அந்த இடத்தில் மிஞ்சுவது 60-க்கு 60 சதுரப் பெட்டி. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் வலு பழைய சட்டத்தின் வலுவில் 38 சதவீதம்தான். விறைப்பு இன்னும் மோசம். ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அரைவட்டத்தை மூடாமல் திறந்தே விட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட எனக்கு மனமில்லை. அப்படி விட்ட வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆக்சில் மேலே எழும்போது அதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர், ஆக்சிலுக்கு நேர் மேலே சேசிஸின் அடியில் பொருத்தப்பட்டிருக்கிறது. வெட்டும் இடமும் அதுவேதான். ஆகவே பெரிய குழியில் விழும்போது வரும் மிகக் கடுமையான அடி, நீங்கள் மிகவும் மெலிதாக்கி வைத்த இடத்திலேயே போய் விழும். பிக்கப் காலியாக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. பாரத்தோடு ஒரு மழைக்காலத்தைக் கடந்த பிறகு, அரைவட்டத்தின் மூலையில் முடிபோல ஒரு கோடு விழும். பெயின்ட் உதிர்ந்திருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

இழந்த உயரத்தை மேற்பக்கத்தில் திருப்பிக் கொடுப்பதுதான் முறையான வேலை. வெட்டிய இடத்துக்கு மேலே 40 மி.மீ. உயரத்துக்கு ஒரு பாலம்போல் எழுப்பிப் பெட்டியாக மூடினால், 3 மி.மீ. தகட்டிலேயே பழைய வலுவில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் கிடைக்கும். கனமான தகடு போட்டால் முழுதாகவே மீட்கலாம். ஆனால் பக்கத் தகடுகள் வெட்டின் இரு புறமும் நன்றாக நீண்டிருக்க வேண்டும். அவற்றின் முனைகளை நேர்க்கோட்டில் முடிக்காமல் சாய்வாக வெட்ட வேண்டும். சட்டத்துக்குக் குறுக்கே நேராக ஓடும் வெல்டிங் கோடு, விரிசலுக்கு நீங்களே போட்டுக்கொடுக்கும் பாதை. மேலும் கீழும் உள்ள தகடுகளின் விளிம்பில் குறுக்காக வெல்டிங் வைக்கவே கூடாது. இக்கால சேசிஸ்கள் உயர் வலு இரும்பில் செய்யப்படுவதால், வெல்டிங் சூடு பட்ட பகுதி தன் வலுவில் ஒரு பங்கை இழக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் முறையும் முக்கியம். பின்தொட்டியைக் கழற்ற வேண்டும். டீசல் டாங்கி, பிரேக் குழாய், ஒயர் கட்டு ஆகியவற்றை விலக்க வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சேசிஸை முன்னும் பின்னும் முட்டுக்கொடுத்து மட்டமாக நிறுத்திய பிறகு ஒரு பக்கத்தை வெட்டி முடித்து, ஆறவிட்டு, அளந்து பார்த்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் வண்டி வாழைக்காய்போல் வளைந்து நிற்கும். கடைசியில் பெட்டிக்குள் தண்ணீர் தேங்காதபடி வடிகால் துளையும், உட்புறத்துக்குத் துருத் தடுப்பு மெழுகும் தேவை. கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் இதை விட்டால் உள்ளிருந்தே அரித்துவிடும். இவற்றையெல்லாம் ஒரே நாளில் யாராலும் செய்ய முடியாது.

வெட்டுவதைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். பின்பக்க அதிர்வுத் தாங்கியான ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை இறுக்கமாகக் கட்டி, வண்டி காலியாக நிற்கும்போது அது இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மோட்டார் சைக்கிளையும் ஏற்றி, வழக்கமான சாலைகளில் ஓட்டிவிட்டு, பட்டை எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு இடைவெளி தேவை என்பதை அது சொல்லிவிடும். ஷாக் சாய்வாக நிற்பதால் ஆக்சிலின் அசைவைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: மழைச்சாலை, செந்தூல்

பெரியவர் சேசிஸைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் பட்டது பிரேக்கால்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பிக்கப்பை இதேபோல் ஃபிளிப் செய்தேன். பட்டறையில் வெல்டிங் வேலை நன்றாகவே இருந்தது. ஆனால் பின் ஆக்சிலிலிருந்து சேசிஸில் உள்ள ஒரு வால்வுக்குச் செல்லும் மெல்லிய கம்பியை அவர்களும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அது பாரத்தை உணர்ந்து பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு. ஆக்சிலும் சேசிஸும் நெருங்கினால் தொட்டியில் சுமை ஏறிவிட்டதாக எடுத்துக்கொண்டு பின் சக்கரங்களுக்கு அதிக அழுத்தம் அனுப்பும். வண்டியைத் தாழ்த்தியதும், காலி வண்டியையும் அது முழுச் சுமை வண்டியாகவே கருதியது. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் நோக்கி இறங்கும்போது மழை. பிரேக்கை மிதித்த கணத்தில் பின் சக்கரங்கள் இறுகி, வால்பகுதி பக்கத்துத் தடத்துக்குப் போய்விட்டது. அங்கே வேறு வண்டி இல்லாததால் இன்று இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியிலும் அந்த வால்வு இருந்தால், ஆக்சில் எவ்வளவு நெருங்குகிறதோ அதற்கேற்ப அந்தக் கம்பியின் பொருத்துமிடத்தை மாற்றிச் சரிசெய்யாமல் சாலைக்கு வராதீர்கள்.

இன்னொன்று, இயந்திரத்தின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டு செல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். ஆக்சில் சேசிஸை நோக்கி 140 மி.மீ. ஏறும்போது ஷாஃப்டின் சாய்வு மாறிவிடும். அதன் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டுகளின் கோணங்களும் சமமாக இல்லையென்றால் அதிர்வு வரும். எனக்குப் புறப்படும்போதெல்லாம் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் இருந்தது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்து ஆக்சிலின் முகத்தைத் திருப்பிய பிறகுதான் அடங்கியது. முகப்பு விளக்குகளையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் வண்டியின் சக்கர இடைவெளி ஏறத்தாழ 3.1 மீட்டர், பின்பக்கம் மட்டும் 140 மி.மீ. இறங்கினால், 25 மீட்டர் தூரத்தில் ஒளி ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

பதில்: பாரம், பட்டர்வொர்த்

தொழில்நுட்பத்தை மற்றவர்கள் பேசட்டும். நான் இரண்டு செய்திகளை மட்டும் நினைவூட்டுகிறேன். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதற்கு முந்திய 1959-ஆம் ஆண்டின் வாகனக் கட்டமைப்பு விதிகளும் நம் வண்டிகளுக்குப் பொருந்துகின்றன. சேசிஸை வெட்டுவது ரிம் மாற்றுவது போன்ற காரியம் அன்று. வண்டியின் கட்டமைப்பையே மாற்றுவதற்கு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அனுமதி இல்லாமல் செய்துவிட்டு, நாளை வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்காக, வாகனங்களைப் பரிசோதிக்கும் புஸ்பாகோமின் ஆய்வுக்குக் கொண்டு போனால், சேசிஸ் எண்ணைப் பார்க்க வருபவர் சேசிஸையும் பார்ப்பார்.

அடுத்தது காப்புறுதி. மாற்றத்தை அறிவிக்காமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகலாம்.

கூடவே ஒரு கேள்வி: உங்கள் உண்மையான சிக்கல் ஏற்றப்பலகைதான் என்றால், பலகையை ஏன் நீளமாக்கக் கூடாது? 850 மி.மீ. உயரத்துக்கு இரண்டு மீட்டர் பலகை 25 பாகைச் சாய்வில் நிற்கும். சேசிஸை வெட்டி 140 மி.மீ. இறக்கினாலும் 21 பாகைக்குத்தான் வரும். 2.8 மீட்டர் பலகை வாங்கினால், வண்டியைத் தொடாமலேயே 18 பாகைக்கும் கீழே வந்துவிடும்.

பதில்: இரண்டு சக்கரம், புக்கிட் மெர்தாஜாம்

மூவருக்கும் நன்றி. பலகைக் கணக்கைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. வண்டி தாழ்ந்து நின்றால் பார்க்க நன்றாக இருக்கும் என்ற ஆசையும் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரியவர் சொன்னபடி ஷாக்கில் பட்டை கட்டி, இரண்டு மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, குடியிருப்புப் பகுதியின் வேகத்தடைகளில் ஏறி இறங்கி, பினாங்குப் பாலத்தைக் கடந்து, தெலுக் பகாங் வழியாக மலைச்சாலையில் பாலிக் பூலாவ் வரை போய் வந்தேன். ஷாக்கின் சாய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், காலியாக நிற்கும் நிலையிலிருந்து ஆக்சில் 80 மி.மீ. மேலே ஏறியிருக்கிறது. அப்படியென்றால் ஃபிளிப் செய்த பிறகு மிஞ்சும் 50 மி.மீ. போதவே போதாது, சேசிஸை வெட்டாமல் அந்த வழியில் போக முடியாது என்று புரிகிறது.

ஸ்பிரிங் பட்டை தட்டித் தரும் பட்டறை ஒன்றில் விசாரித்தேன். ஆக்சிலுக்கு மேலேயே பட்டைகளை வைத்துக்கொண்டு, அவற்றின் வளைவை மட்டும் தட்டிக் குறைத்து 60 மி.மீ. இறக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். அப்போது 130 மி.மீ. இடைவெளி இருக்கும். இப்போதுள்ள ரப்பருக்குப் பதிலாக 30 மி.மீ. உயரமுள்ள குட்டை ரப்பர் போட்டால், ஆக்சில் அசைவதற்கு 100 மி.மீ. மிஞ்சும். புதிய 2.8 மீட்டர் பலகையோடு சேர்த்தால் சாய்வு 16 பாகையளவில் இருக்கிறது. ஐயா, இதில் ஏதாவது பிழை இருக்கிறதா?

பதில்: பழைய இரும்பு, பிறை

கணக்கு சரியாக இருக்கிறது. 20 மி.மீ. கையிருப்பு மோசமில்லை, ஆனால் இரண்டு மோட்டார் சைக்கிளுக்கு மேல் ஏற்றாதீர்கள். தட்டையான பட்டை சுமையில் எதிர்ப்பக்கமாக வளையத் தொடங்கினால் சீக்கிரம் களைத்துவிடும். வளைவு குறையும்போது பட்டையின் நீளம் சற்றுக் கூடுவதால் பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிள் (shackle) என்ற இணைப்புத் துண்டு இன்னும் பின்னோக்கிச் சாயும். அது சேசிஸிலோ தொட்டியிலோ இடிக்கவில்லை என்பதை, பாரம் ஏற்றிய நிலையில் படுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிரேக் வால்வின் கம்பியும் முகப்பு விளக்கும் 60 மி.மீ. இறக்கத்துக்கும் சரிசெய்யப்பட வேண்டியவையே.

பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் போட விடாதீர்கள். ஒருமுறை முறுக்கி இறுக்கியவை நீண்டிருக்கும். புதியவற்றைப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் இறுக்கச் சொல்லுங்கள். பட்டையின் இரு முனைகளிலும் ரப்பர் உறையான புஷ் வழியாகச் செல்லும் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை பட்டைகளின் மேல் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சில மாதங்களில் கிழிந்துவிடும்.