நம் ஊர்ப் பள்ளியில் மாலை வகுப்பு: பணம் திரட்டுவது குறித்து

வெளிநாடுகளில் வாழும் நம் ஊர்ச் சங்கத்தின் அன்பிற்குரிய பெரியோர்க்கும் உடன்பிறப்புகளுக்கும் வணக்கம்.

நம் ஊர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு இவ்வாண்டு கலையரங்கம் கட்டித் தரலாம் என்று சிலர் விரும்புகிறீர்கள். அதற்கு முன் மாலை வகுப்புக்கே நம் பணம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பள்ளி விட்டதிலிருந்து வேலைக்குப் போன தாய் வீடு திரும்பும் வரை, பாடம் சொல்லித்தர ஆளில்லாமல் இருக்கும் பிள்ளைகளே வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்குகிறார்கள்.

கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், அந்தந்த ஊரில் படித்தவர்களையே தன்னார்வலராக்கி மாலையில் கற்பிக்க வைத்தது. அது நல்ல வழி. ஆனால் அதில் அவர்களுக்குத் தரப்பட்ட மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை மிகக் குறைவு. நாம் இரு தன்னார்வலருக்கு மாதம் தலா 4,000 ரூபாயாவது கொடுப்போம். மதியச் சத்துணவுக்குப் பின் ஒன்றும் உண்ணாத பிள்ளைக்கு ஐந்து மணிக்குப் பாடம் ஏறாது என்பதால், 40 பேருக்குச் சுண்டலுக்கென நாளொன்றுக்குத் தலைக்கு 10 ரூபாய் வீதம், மாதம் 20 நாளுக்கு 8,000 ரூபாய் வேண்டும். ஆக, பத்து மாதத்துக்கு 1,60,000 ரூபாய். மூன்றாண்டுத் தொகைக்கு வாக்குறுதி கிடைத்த பிறகே தொடங்க வேண்டும்.

பணம் அனுப்பும் முறையில் மிகுந்த கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது, 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி அயல்நாட்டுப் பணம் ஆகாது. சிங்கப்பூர், அமெரிக்கா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றவர் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருந்தாலும், அவர் தரும் நன்கொடை அயல்நாட்டுப் பணமே. அச்சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம். அப்படி வாங்கிய அமைப்பு வேறொரு அமைப்புக்கு அதைக் கைமாற்றுவதை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்துவிட்டதால், பதிவுள்ள தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாக நம் சங்கக் கணக்குக்குக் கொண்டுவரும் யோசனை நடவாது. அந்தப் பணத்துக்குரிய வகுப்பை அந்நிறுவனமே நடத்த வேண்டும். உறவினர் கணக்கு வழியாகச் சுற்றி அனுப்புவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

பள்ளி வளாகத்தைப் பயன்படுத்தத் தலைமையாசிரியரின் இசைவும், முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் பெற வேண்டும். விளக்கு, கழிப்பறைச் சாவி, இருட்டிய பின் பெண் பிள்ளைகள் வீடு சேர்வது ஆகியவற்றை பிள்ளைகளின் தாய்மார்களுடன் பேசித்தான் முடிவு செய்ய முடியும்.

பங்களிக்க விரும்புவோர், ஆண்டுக்கு எவ்வளவு தர இயலும், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்கள் என்ற இரண்டையும் பொருளாளருக்குத் தனியே எழுதுங்கள். பொங்கலுக்கு ஊர் செல்பவர்களில் இருவர் பள்ளிக்குச் சென்று பேச முன்வர வேண்டுகிறேன்.