ஈ ஃபிளாட் பாஸுக்கு பழைய காலத்து சோலோ எங்கே தேடலாம்?

களியக்காவிளை பாஸ்
சர்ச் பேண்டில் மூணு வால்வு ஈ ஃபிளாட் டியூபா (அடி ஸ்வரம் தரும் பெரிய பித்தளை வாத்தியம், ஈ ஃபிளாட் பாஸ் என்பதும் இதுதான்) வாசிக்கிறேன். இசைத்தாளில் டிரெபிள் கிளெஃப் (மேல் ஸ்வரங்களுக்கான குறி) படித்துத்தான் பழக்கம். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஒரு சோலோ வேணும். முதலில் மெட்டு, அப்புறம் அதே மெட்டை ஓட்டமும் தாவலுமாக விரிக்கிற பழைய வகை. துணைக்குக் கீபோர்டு மட்டும். டியூபா என்று தேடினால் புது உருப்படிகளே வருது. வழி சொல்லுங்க அண்ணன்மாரே.

பாறசாலை கார்னெட்
தம்பி, 19-ம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பட்டியல்களில் இந்த வாத்தியம் பெரும்பாலும் 'பொம்பார்டன்'. அந்தப் பேரோடு 'ஏர் வாரியே' (மெட்டும் அதன் விரிவுகளும்) என்று சேர்த்து ஐஎம்எஸ்எல்பி என்ற இலவச இசைத்தாள் தளத்தில் தேடுங்க.

அதைவிடப் பெரிய புதையல் கார்னெட் (டிரம்பெட் போன்ற சின்ன வாத்தியம்) புத்தகம்தான். ஆர்பன் என்ற கார்னெட் கலைஞரின் பயிற்சி நூலின் கடைசியில் 12 சோலோ இருக்கு, முடிவில் 'கார்னிவல் ஆஃப் வெனிஸ்'. அவர் 1889-ல் இறந்தவர். பழைய பதிப்பின் ஸ்கேனை தாராளமாக எடுக்கலாம். எல்லாம் டிரெபிள் கிளெஃப், விரல் மாற்ற வேண்டாம்.

கவனிக்க வேண்டியது கீபோர்டுதான். பியானோ தாள் பி ஃபிளாட் கார்னெட்டுக்கு எழுதியது. நீங்க அதே தாளை வாசித்தால் ஸ்வரம் வேறு சுருதியில் விழும். டிரான்ஸ்போஸ் பட்டனில் கூட்டல் 5 (அஞ்சு அரை ஸ்வரம் மேலே) வைக்கச் சொல்லுங்க. மறந்தால் முதல் ஸ்வரத்திலேயே மோதும். டபுள் பி ஃபிளாட் பாஸுக்கு (இன்னும் பெரிய டியூபா) இந்த மாற்றம் வேண்டாம்.

மார்த்தாண்டம் யூஃபோனியம்
முதல் மேடைக்கே வெனிஸ் வேண்டாம் என்பேன். கடைசி வேரியேஷன் (மெட்டின் விரிவு) மேலும் கீழும் தாவி, ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி கேட்கணும். டியூபாவில் கீழ் ஸ்வரம் தாமதமாகப் பேசும், மெட்டு மறைஞ்சிடும். எடுத்தே ஆகணும்னா மெட்டு ஸ்வரங்களை மட்டும் இடைவெளி விட்டு வாசித்துப் பழகி, அப்புறம் மற்றதை மெதுவாகச் சேருங்க.

பாஸ் பாடகர்களின் பழைய பாட்டுகளைப் பாருங்க: 'ராக்டு இன் த கிரேடில் ஆஃப் த டீப்', 1897-ல் வந்த 'அஸ்லீப் இன் த டீப்'. அடிக்குரலுக்கே எழுதியவை. மூணு வால்வில் எழுதிய கீழ் எஃப் ஷார்ப்புக்குக் கீழே பெடல் ஸ்வரம் (வால்வு அழுத்தாமல் வரும் மிகக் கீழ் ஸ்வரம்) வரை வெற்றிடம், அதனால் முடிவு ஸ்வரம் எங்கே விழுதுன்னு பார்த்துட்டு சுருதி முடிவு பண்ணுங்க. கீழ் டி, சி ஷார்ப் ரெண்டும் சுருதி ஏறும். மூணாவது வால்வு ஸ்லைடை இழுத்தே வாசிக்கணும்.

டியூபாவுக்கென்றே எழுதிய வேரியேஷன் வேணும்னா கட்டோஸி என்ற இசையமைப்பாளரின் 'பீல்செபப்'. பேய்களின் தலைவன் பேர் என்பதால் மேடையில் அறிவிக்கும் முன் போதகரிடம் கேட்டுக்குங்க.

களியக்காவிளை பாஸ்
அது பாஸ் கிளெஃப் ஆச்சே?

மார்த்தாண்டம் யூஃபோனியம்
டிரெபிள் என்று நினைத்தே படிங்க, கீ சிக்னேச்சரில் (வரித் தொடக்கத்தில் வரும் ஃபிளாட், ஷார்ப் குறிகள்) மூணு ஃபிளாட்டை எடுத்துடுங்க. மூணு ஃபிளாட் இருந்தால் சி மேஜர். இடையில் வரும் அடையாளங்களில் மட்டும் பிழை வரும்: டிரெபிளாகப் படிக்கும் எஃப், சி, ஜி இடங்களில் நேச்சுரல் போட்டிருந்தால் ஷார்ப், ஃபிளாட் போட்டிருந்தால் நேச்சுரல். பென்சிலால் முன்பே குறிச்சுக்குங்க.

பாறசாலை கார்னெட்
மூச்சையும் குறிங்க. கார்னெட் ஒரே மூச்சில் போற 4 பார் உங்களுக்கு ரெண்டு மூச்சு. பார் கோட்டில் எடுக்காமல், பலமான அடி விழுந்ததும் அடுத்த ஸ்வரத்தை விட்டுட்டு எடுங்க. ரிப்பீட் எல்லாம் வெட்டலாம். வேரியேஷன்களுக்கு நடுவே கீபோர்டு வாசிக்கும் பகுதியை மட்டும் வெட்டாதீங்க, உதடு தேறுவது அங்கேதான்.